வெறும் கேமராவை ஓட்டச் சொன்னவள்

ஓட்டலில் உட்கார்ந்தால் மெனு கார்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பாள். சர்வர் நிற்பான், போவான், பக்கத்து மேசையைத் துடைத்துவிட்டுத் திரும்பி வருவான். அவள் இன்னும் ஐஸ்கிரீம் வகைகளைப் படித்துக்கொண்டிருப்பாள். கடைசியில் கேட்பது எப்போதும் செட் தோசையும் காபியும்தான்.

"இதுக்கு எதுக்கு மிஸ் இவ்வளவு படிப்பு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என்னென்ன இருக்குன்னு தெரியாம ஒண்ணை எப்படிக் கேட்கறது?" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. என் கேள்வி நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு ஆகவே ஆகாது.

யூனிட்டில் எல்லோரும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். பெங்களூரில் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். அல்சூரில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வீடு. எனக்கு ஜோகுபாளையம். நடந்தால் பத்து நிமிடம். நான் சினிமாக் கம்பெனிகள் நிறைந்த காந்திநகரில் பதினெட்டு வருடம் புரொடக்‌ஷன் மேனேஜர். கன்னடப் படம், தமிழ்ப் படம், டப்பிங் என்று எல்லாம் பார்த்தவன். நடிகர்களுக்குக் கார், யூனிட்டுக்குச் சாப்பாடு, போலீசுக்கு மனு, மழை வந்தால் தார்ப்பாய், எல்லாம் என் தலையில்தான். அவளுக்கு ரிஃப்ளெக்டரை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் வெளிநாட்டுக்காரனோடு சேர்ந்து படம் எடுத்தது அவள். நான் அவளுக்கு மேனேஜராக இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கப்புறம் நான் சொல்வதை எல்லாம் நீங்கள் சந்தேகப்பட்டுக்கொண்டே படிக்கலாம்.

முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில். ஒரு பிரெஞ்சுக் கம்பெனி தன் படத்தில் கொஞ்சத்தை இங்கே எடுக்க வந்தது. உள்ளூர் மேனேஜர் நான். மொழிபெயர்க்க அவளைக் கூட்டி வந்தார்கள். மொழிபெயர்த்துவிட்டு ஓரமாக நிற்பாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மதியம் ஒரு மணிக்கு என்னிடம் வந்தாள்.

"மேனேஜர், லைட்மேன்களுக்குச் சாப்பாடு?"

"வரும். இந்த ஷாட் முடியட்டும்."

"ஏழு மணிக்கு வேலை ஆரம்பிச்சாங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள சூடான சாப்பாடு தரணும்னு இருக்கு."

"எங்க இருக்கு?"

"அவங்க உங்க கம்பெனியோட போட்ட ஒப்பந்தத்துல. பதினோராவது பக்கம்."

"அதுல சாம்பார்ல உப்பு எவ்வளவு போடணும்னும் இருக்கா மிஸ்?"

கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. இருந்தா சொல்லியிருப்பேன்."

ஷூட்டிங் நின்றது. நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என் லைட்மேன்கள், என்னோடு பத்து வருடமாக இருந்தவர்கள், அன்றிலிருந்து அவள் வந்தால் நாற்காலி போட்டார்கள். மூத்த லைட்மேன் ஒருத்தன் என் காதுபடவே சொன்னான்: "நம்ம அண்ணன் நல்லவருதான். ஆனா அண்ணன் காலத்துல மூணு மணிக்குத்தான் சோறு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

இப்படித்தான் அவள். தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அது அப்படியே அவளுக்கு நிஜம். யாராவது ஒன்று சொன்னாலும் அதே கதைதான். "ரெண்டு நிமிஷத்துல வர்றேன்" என்று ஒரு ஹீரோ சொல்லிவிட்டுப் போனான். அவள் வாட்சைப் பார்த்துக்கொண்டே கேரவன் வாசலில் நின்றாள். மூன்றாவது நிமிடம் கதவைத் தட்டினாள். எங்கள் தொழிலில் யாரும் எதையும் சொன்ன அர்த்தத்தில் சொல்வதில்லை. நாளைக்கு என்றால் அடுத்த வாரம். கதை பிரமாதம் என்றால் படம் எடுக்க மாட்டேன் என்று அர்த்தம். இதெல்லாம் எங்களுக்குப் பழக்கத்தில் புரியும். அவளுக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. இரண்டு வருடத்தில் ஓடிவிடுவாள் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்.

ஓடவில்லை. அந்தப் பிரெஞ்சுத் தயாரிப்பாளருக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவர் ஒல்லியான மனிதர், எந்நேரமும் சளி. இந்தியாவில் தான் நம்பிப் பேசக்கூடிய ஒரே ஆள் அவள்தான் என்று என்னிடமே சொன்னார். அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், வேறு யாரையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அடுத்த வருடம் அவர் பணமும் இங்கிருந்த ஒரு சின்னக் கம்பெனியின் பணமும் சேர்ந்து ஒரு கன்னடப் படம் வந்தது. அவள் இணைத் தயாரிப்பாளர். வெளிநாட்டு விழா ஒன்றுக்குப் போனது. பேப்பரில் அவள் போட்டோ. என் மனைவி அதைக் கத்தரித்து எடுத்து வைத்திருந்தாள்.

"உங்க கூட வேலை செஞ்சவங்கதானே? எவ்ளோ சிம்பிளா நிக்கிறாங்க பாருங்க."

"அந்தக் கத்தரிக்கோலை வச்சுட்டுக் காபி போடு."

"ஏன் எரிஞ்சு விழறீங்க? நீங்களும் ஒரு படம் எடுங்களேன். யாரு வேண்டாங்கறா?"

மனைவி சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. என்னிடம் கதை இருந்தது. பெங்களூர் ரேஸ் கோர்சில் குதிரை பார்த்துக்கொண்டவர் என் அப்பா. கால் உடைந்த குதிரையைச் சுட்டுக் கொல்லப் போகிறார்கள் என்று தெரிந்து, அதை லாரியில் ஏற்றிவந்து ஜோகுபாளையத்துச் சந்தில் பத்து நாள் ஒளித்துவைக்கும் ஒரு ஆளின் கதை. பாதி நடந்தது, பாதி நான் சேர்த்தது. மல்லேஸ்வரத்தில் இருந்த ஒரு டைரக்டர் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தயாரிப்பாளர் என்று என் பேர் வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பதினெட்டு வருடம் மற்றவர்கள் பேருக்குக் கீழே, சாப்பாட்டுக்காரர் பேருக்கு மேலே என் பேர் வந்தது போதும்.

மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். கேட்க எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கதையை முழுக்கக் கேட்டாள். குதிரை என்ன நிறம் என்று கேட்டாள். பிறகு பிரெஞ்சுக்காரருக்கு எழுதினாள். அவருக்குப் பிடித்துவிட்டது. அந்த ஊரில் இந்த மாதிரிப் படங்களுக்கு என்றே ஒரு நிதி உண்டு. வருடத்துக்கு இந்தியப் படம் ஒன்றுக்குத்தான் கொடுப்பார்கள். பாதிச் செலவு அவர்களுடையது, பாதி நம்முடையது. ஒலிக்கலவை வேலையை அவர்கள் ஊரில்தான் செய்ய வேண்டும். அந்த வருடத்து இடத்துக்கு என் படத்தைச் சொல்லியிருப்பதாக எழுதினார். அன்றைக்கு அவள் போனில் என்னை முதல் தடவையாக "புரொடியூசர்" என்று கூப்பிட்டாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

தாள்கள் வந்தன. நாற்பத்தாறு பக்கம். எல்லாம் இங்கிலீஷ். அல்சூரில் அதே ஓட்டலில் வைத்துக் கொடுத்தாள்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சிடுங்க. பதினெட்டாம் பக்கத்தை ரெண்டு தடவை."

"சரி மிஸ்."

"வேணும்னா உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம். நாளைக்கு எனக்கு வேலை இல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"நினைக்கல. எனக்கே நாலு நாள் ஆச்சு."

எனக்கு அந்த இங்கிலீஷ் தெரியாது. கால்ஷீட் படிப்பேன், லேப் ரிப்போர்ட் படிப்பேன். வக்கீல் எழுதின வாக்கியம் முதல் வரியிலேயே என்னைத் தள்ளிவிட்டது. தாள்கள் எங்கள் வீட்டு டிவி மேல் பன்னிரண்டு நாள் இருந்தன. அவளிடம் போய் "இது என்ன சொல்லுது?" என்று கேட்டிருக்கலாம். பத்து நிமிட நடை. போகவில்லை.

அதற்குள் முகூர்த்தம் வைத்தேன். காந்திநகரில் முகூர்த்தம் இல்லாமல் படம் இல்லை. சாமி படத்துக்குப் பூஜை போட்டு, பெரிய மனிதர் ஒருவர் கேமராவைத் தட்டிவிட்டு, கிளாப் அடித்து, ஹீரோ ஒரு வரி வசனம் பேசி, ஒரு ஷாட் எடுக்க வேண்டும். மறுநாள் பேப்பரில் விளம்பரம் வர வேண்டும். அப்போதுதான் விநியோகஸ்தர் நம்புவான், ஹீரோ வேறு படத்துக்குத் தேதி கொடுக்காமல் இருப்பான். நம் பக்கத்துப் பாதிப் பணம் அந்த விளம்பரத்தை நம்பித்தான் வரும். ஜோசியர் சொன்ன நாளைத் தவறவிட்டால் அடுத்து இரண்டு மாதம் நல்ல நாள் இல்லை.

அவளையும் கூப்பிட்டேன். வந்தாள். மாலைக்கும் தேங்காய்க்கும் நடுவே நேராகக் கேமரா அசிஸ்டென்டிடம் போனாள்.

"இதுல பிலிம் லோடு பண்ணியிருக்கா?"

"ஆமா மிஸ்."

என்னை ஓரமாக இழுத்தாள். "கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்களா?"

"நாளைக்கு அனுப்பறேன்."

"அப்ப பிலிமை எடுத்துடுங்க. பூஜை நடக்கட்டும், கிளாப் அடிங்க, வெறும் கேமராவை ஓட்டுங்க. சத்தம் வந்தாப் போதும். யாருக்கும் தெரியாது."

"முகூர்த்தத்துக்கு வெறும் கேமராவா? வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

'உனக்கு' என்று சொன்னதை அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "பதினெட்டாம் பக்கம் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள். படித்தேன் என்றால் படித்தேன்தான் அவளுக்கு. "அப்ப சரி," என்று ஒதுங்கி நின்றுகொண்டாள். நான் டைரக்டரிடம் போய்ச் சொன்னேன்: "பார்த்தீங்களா ஸ்வாமி, நம்ம படம் ஆரம்பிக்குதுன்னு அவளுக்குப் பொறாமை." பொறாமை என்ற வார்த்தையை நான் அவளைப் பற்றிச் சொன்னேன்!

மறுநாள் விளம்பரம் வந்தது. அரைப் பக்கம், கன்னடத்தில். என் பேர் பெரிதாக. மேலே 'சித்ரீகரண ஆரம்ப', அதாவது படப்பிடிப்பு ஆரம்பம் என்று சிவப்பு எழுத்து. நான் நாற்பத்தாறு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். கவரை ஒட்டும்போது அந்த விளம்பரத்தையும் மடித்து உள்ளே வைத்தேன். பிரெஞ்சுக்காரன் பார்க்கட்டும், நாம் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரியட்டும் என்று. கூரியர் ஆபீசுக்கு நானே கொண்டுபோனேன்.

பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது ஒரே விஷயம். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு முடிக்கும் முன் ஒரு ஷாட்கூட எடுக்கக் கூடாது. எடுத்திருந்தால் அந்த நிதி கிடைக்காது. அவர்கள் இல்லாமலே ஆரம்பித்த படத்துக்கு அவர்கள் எதற்கு என்பது அவர்கள் நியாயம். எடுக்கவில்லை என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். எடுத்தேன் என்பதற்கு விளம்பரத்தையும் நானே அனுப்பியிருந்தேன்.

இதில் ஒன்று கவனியுங்கள். விளம்பரம் கன்னடத்தில். பாரிசில் யாருக்கும் அது புரியாது. அவர் அவளுக்கு ஃபேக்ஸ் அனுப்பிக் கேட்டார், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று. அவள் உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினாள். நிதி இல்லை என்று பதில் வந்தது.

அவள் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். சந்தில் எல்லா ஜன்னலும் திறந்தது.

"சாமி கும்பிட்டாங்கன்னு எழுதியிருக்கலாமே! பூஜைன்னு ஒரு வார்த்தை! என்ன கெட்டுப் போயிருக்கும்?"

"அதுல படப்பிடிப்பு ஆரம்பம்னு இருந்துச்சு மேனேஜர்."

மறுபடி மேனேஜர். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. படம் போய்விட்டது, ஆகவே நான் மேனேஜர். அவ்வளவுதான் அவளுக்கு.

"உனக்கு மட்டும்தானே தெரியும் அதுல என்ன இருந்துச்சுன்னு!"

"ஆமா. அதனாலதான் என்கிட்ட கேட்டாங்க."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது, அதை நான் பார்த்தேன். பிறகு சொன்னாள்: "இன்னொண்ணு. வேற யாராவது சொல்லி நீங்க கேட்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். இந்த வருஷத்து இடம் காலியாச்சு. என்கிட்ட இருக்கற படத்தைக் கேட்டாங்க. சரின்னுட்டேன்."

நான் வந்துவிட்டேன். அவள் அனுப்பின ஃபேக்சின் நகலை எப்படியோ வாங்கி, மல்லேஸ்வரத்தில் பிரெஞ்சு தெரிந்த ஒரு லெக்சரரிடம் கொண்டுபோனேன். ஒரு வார்த்தை கூட்டிப் போட்டிருந்தால் போதும், ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். அவர் விளம்பரத்தையும் ஃபேக்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரொம்பச் சரியா இருக்கே. ஜோசியர் பேரைக்கூட விடல," என்றார். கடைசியில் இரண்டு வரி அவளே சேர்த்திருந்தாளாம். இது இங்கே நடக்கும் சடங்கு, இவர் நேர்மையான ஆள், தயவுசெய்து விதியைத் தளர்த்துங்கள் என்று. அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. யார் இவளைக் கேட்டது?

முகூர்த்தம் போட்டு நின்றுபோன படத்தின் ஆளை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். ராசி இல்லாதவன் என்று ஆகிவிடும். ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். கூப்பிட்டது அவள்தான். "என் படத்துக்கு மேனேஜர் வேணும். வருவீங்களா?" போனேன். வேறு வழியில்லை. ஆனால் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை, அதை அவளே சொல்வாள்.

கோலார் தங்கவயலில் இருந்து வந்து பெங்களூர் கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைக்கும் ஒரு பெண்ணின் கதை. அதில் ஒரு காட்சி. மகளைப் பார்க்க அம்மா டிபன் பாக்ஸில் தயிர் சாதத்தோடு கம்பெனி கேட்டுக்கு வருகிறாள். மதிய மணி அடிக்கிறது. மகள் தோழிகளோடு சிரித்துக்கொண்டு வெளியே வருகிறாள். அம்மா இதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு. அம்மா கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாப்புக்குப் போய் உட்கார்ந்து, அந்தச் சாதத்தைத் தானே சாப்பிட்டுவிட்டு, பாக்ஸைக் கழுவிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறாள். நாலு நிமிடம். வசனம் இல்லை. அந்த பஸ் ஸ்டாப்பைத் தேடிக் கண்டுபிடித்தது நான். வண்டிகளை நிறுத்தியது நான். அம்மாவாக நடித்த அந்த அம்மாள் ஆறு தடவை சாப்பிட்டார்கள். ஆறாவது தடவையும் லைட்மேன்கள் வேலையை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

படத்தைப் பாரிசுக்கு அனுப்பும் முன் ஒரு சின்னத் தியேட்டரில் போட்டுக் காட்டினாள். டைரக்டர், அவள், நான், இன்னும் இரண்டு பேர். நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். படம் நன்றாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் நான் வேலை செய்த எந்தப் படமும் அதன் பக்கத்தில் நிற்காது. அந்த பஸ் ஸ்டாப் காட்சி வந்தது. இது என் குதிரைக்குக் கிடைக்க வேண்டிய இடம் என்று நினைத்துக்கொண்டே அழுதேன்.

விளக்கு போட்டதும் நேராக என்னிடம் வந்தாள். "சொல்லுங்க மேனேஜர். எங்கயாவது இழுக்குதா?"

"அந்த பஸ் ஸ்டாப்," என்றேன்.

"அதுவா?"

"அது படத்தை நிறுத்திடுது. எடுத்துடுங்க. அந்தம்மா நேரா ஊருக்குப் போயிடட்டும். புரியறவங்களுக்குப் புரியும்."

டைரக்டர் குதித்தார். சின்னப் பையன், அழுதேவிட்டார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "இவர் பதினெட்டு வருஷம் தியேட்டர்ல ஜனங்களோட உட்கார்ந்து பார்த்தவர். நானும் நீங்களும் பார்க்கல." நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். டைரக்டரோடு ஒரு வாரம் சண்டை போட்டாள். காட்சி போனது.

படம் பல ஊருக்குப் போனது. எல்லோரும் பாராட்டினார்கள். ஒரே ஒரு விமர்சகர் மட்டும், அந்த அம்மா ஏன் மகளைப் பார்க்காமல் திரும்பிப் போகிறாள் என்று புரியவில்லை, படம் அந்த இடத்தில் ஒடிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். அவள் அதை எனக்குப் படித்துக் காட்டினாள். "விமர்சகனுக்கு என்ன தெரியும்?" என்றேன். பரிசு எதுவும் வரவில்லை. அந்தக் காட்சி இருந்திருந்தால் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சில வருடம் கழித்துப் பிரெஞ்சுக்காரர் கம்பெனியிலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம் அல்சூர் மார்க்கெட்டில் பார்த்தேன். கையில் இரண்டு கட்டு வெற்றிலை, அங்கே கிடைக்காதாம், பிரெஞ்சுக்காரரின் சளிக்குக் கஷாயம் வைத்துத் தரப் போகிறாளாம். ஊர்க்கதை பேசினோம். ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டு, ஏறாமல் நின்றாள்.

"ஒண்ணு கேட்கணும் மேனேஜர். அந்த பஸ் ஸ்டாப் சீனை வெட்டினது தப்போன்னு எனக்கு இன்னும் உறுத்துது. நெகடிவ் அங்க லேப்லதான் இருக்கு. போனதும் மறுபடி சேர்க்கச் சொல்லலாமான்னு யோசிக்கிறேன். நீங்க சொல்லுங்க."

ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

"வேண்டாம் மிஸ். வெட்டினது நல்லதுக்குத்தான்."

"நிஜமா?"

"நிஜமா."

அவள் முகம் தெளிந்தது. "அப்ப சரி," என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.